ரப்பர் முனையின் கதை: காதுக்குள் போடும் இயர்போன், 1891 முதல் இன்றுவரை

போன வருஷம் ஒரு நாள் இரவு படுத்த பிறகு இடது காதில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஃபேன் சத்தம் என்று நினைத்து ஃபேனை நிறுத்தினேன். ரீங்காரம் நிற்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு காது டாக்டரிடம் போனேன். அவர் ஆடியோகிராம் எடுத்து வரச் சொன்னார்.

சத்தம் புகாத ஒரு சின்ன அறை. ஆடியாலஜிஸ்ட் அம்மா ஒரு மஞ்சள் நுரைத் துண்டை விரலால் உருட்டி ஒல்லியாக்கினார். என் காதை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்து அதை உள்ளே செருகினார். அரை நிமிஷத்தில் அது மெல்ல விரிந்து காதை முழுசாக அடைத்துக்கொண்டது. வெளியில் ஓடிய ஏசி சத்தம் காணாமல் போனது. "எவ்வளவு சின்னதா கேட்டாலும் பட்டனை அமுக்குங்க சார்" என்று அவர் சொன்னதே தூரத்தில் கேட்டது. அந்த நுரையின் நடுவில் இருந்த குழல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தங்கள் வந்தன. கொசு மூச்சுவிடுகிற மாதிரி அவ்வளவு மெல்லிசான சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

ரிசல்ட்டில் இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், இடது காதில் கொஞ்சம் ஆழமாக. அதிக சத்தத்தால் கெட்டுப்போன காதின் அடையாளம் இது. "ஹெட்செட் ரொம்ப யூஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். காலேஜ் நாளில் வாக்மேன், வேலைக்கு வந்த பிறகு ஓ.எம்.ஆர். பஸ்ஸில் தினமும் இரண்டரை மணி நேரம் எம்பி3 பிளேயர், அப்புறம் போன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாமே காதில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் ரகம். பஸ் இன்ஜின் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போனதுதான் நான் செய்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கேள்வி குடைந்தது. பரிசோதனை அறையில் காதை நன்றாக அடைத்ததும் அத்தனை மெல்லிய சத்தம்கூடக் கேட்டதே, அப்படியென்றால் இருபது வருஷமாக அடைக்காத ஒன்றை ஏன் மாட்டிக்கொண்டிருந்தேன்? காதை அடைத்தால் நன்றாகக் கேட்கும் என்பது முன்பு யாருக்கும் தெரியாதா? தேடிப் பார்த்தேன். 1891-லேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தது, தொலைந்தது, மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது, மறுபடி தொலைந்தது என்று போகிற கதை இது. இன்றைக்கு இயர்போன் வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கதை உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

50 கிராம்

1880-களின் தொலைபேசி ஆபரேட்டர்களுக்குக் கேட்கும் கருவி பெரிய பாரம். தோளில் தாங்கிக்கொள்ளும் வகையில் கிட்டத்தட்ட 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ எடையில் ஒன்று புழக்கத்தில் இருந்தது. 1891 ஜூனில் எர்னஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். அவர் 'பை-டெலிபோன்' என்று அழைத்த கருவியில் இரண்டு சின்ன ரிசீவர்கள், இரண்டையும் சேர்க்க வளைந்த ஒரு கம்பி. மொத்த எடை ஒன்றே முக்கால் அவுன்ஸுக்கும் குறைவு. நம் கணக்கில் 50 கிராமுக்குள்.

என்னை நிறுத்தியது எடை இல்லை. காதுக்குள் போகும் முனைக்கு அவர் ஒரு ரப்பர் உறை போட்டிருந்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, முனை காதில் உரசி வலிக்கக்கூடாது. இன்னொன்று, வெளிச்சத்தம் உள்ளே வராமல் காதை அடைக்க வேண்டும். அதாவது சௌகரியம், ஒலித்தரம் என்று நாம் இன்று தனித்தனியாகப் பேசும் இரண்டையும் ஒரே ஒரு ரப்பர் துண்டால் அவர் தீர்க்கப் பார்த்தார். 130 வருஷம் கழித்து இந்தத் துறையில் கடைசியாக வந்து நிற்கும் இடமும் அதுதான்.

அப்போது இசையைக் காதில் வைத்துக் கேட்பதும் புதிதல்ல. 1881 பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமென் அதெர், ஓபரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, தூரத்தில் இருந்தவர்கள் இரண்டு காதிலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கேட்கும்படி செய்து காட்டினார். 1890-ல் அது 'தியேட்டரோபோன்' என்ற வியாபாரமாகவே ஆனது. ஹோட்டல்களில் 50 சாந்தீம் காசு போட்டால் ஐந்து நிமிஷம் கேட்கலாம். 1911-ல் எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் வீட்டிலேயே சந்தா கட்டி ஓபரா கேட்டார். 1932-ல்தான் சேவை முடிவுக்கு வந்தது. ஆனால் அங்கே காதில் பிடித்தது வெளியில் வைக்கும் ரிசீவர். மெர்காடியேயின் ரப்பர் முனை இசை பக்கம் வரவே இல்லை.

ஏன் என்பதற்கு என் ஊகம் இது. அன்றைய கருவிக்கு ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கம்பியில் வருகிற சொற்ப மின்சாரத்தை வைத்தே சத்தம் போட வேண்டும். அதற்குப் பெரிய காந்தம், பெரிய தகடு வேண்டும். பெரிசாக ஆனால் காதுக்குள் போகாது, தலையில்தான் மாட்டவேண்டும். 1910-ல் அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்துப்போய் நூறு வேண்டும் என்றார்கள். ஒரு தடவைக்குப் பத்துதான் செய்து தர முடியும் என்றார் இவர். இன்றைய ஹெட்போனின் மூதாதை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். இதில் ஒலியை உண்டாக்கிய அமைப்பின் பெயர் 'பேலன்ஸ்டு ஆர்மச்சூர்'. காந்தங்களின் நடுவே சமநிலையில் நிற்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கு மின்சாரத்துக்கு ஏற்ப அசையும். அதோடு இணைந்த தகடு அதிரும். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இது மறுபடி வரும்.

காது மிஷினில் ஒளிந்திருந்த அறிவு

ரப்பர் முனை செத்துப்போகவில்லை. அது வேறு தெருவில் வளர்ந்தது. காது கேட்கும் கருவி, நம் ஊர் பேச்சில் காது மிஷின், செய்தவர்களுக்கு அன்று காதை அடைக்காமல் வழியே இல்லை. அடைக்காவிட்டால் வெளியே கசியும் சத்தம் மைக்கில் திரும்ப ஏறி 'கீச்' என்று கத்தும். அதனால் ஒவ்வொருவர் காதையும் அச்சு எடுத்து அதற்கேற்ற மோல்டு செய்யும் கைவேலை அங்கே வளர்ந்தது. பால்ட்வினின் பெரிய பேலன்ஸ்டு ஆர்மச்சூரும் அங்கே வந்து நெல்மணி அளவுக்குச் சுருங்கியது. 1946-ல் ஹியூ நோல்ஸ் தொடங்கிய நோல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் இதில் முன்னணிக்கு வந்தது.

மற்ற மக்களுக்குக் கிடைத்தது என்ன? 1954-ல் வந்த ரீஜென்சி டிஆர்-1 டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குத் தனியாக ஒரு இயர்போன் வாங்கிக்கொள்ளலாம். ஒரு காதுக்கு மட்டும். இந்த மாதிரி இயர்போன்களை நம்மில் பலர் பார்த்திருப்போம்: சந்தன நிறத்தில் கெட்டி பிளாஸ்டிக், அதில் ஒரு மூக்கு. கிரிக்கெட் ஸ்கோர் கேட்க அது போதும். யாருடைய காதுக்கும் சரியாகப் பொருந்தாது என்பதால் எல்லாருக்கும் சமமாக வலிக்கும்.

வாக்மேன் கொடுத்ததும் எடுத்ததும்

1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தது. அதோடு வந்த தலைக்கு மேல் மாட்டும் ஹெட்போனின் எடை 50 கிராமுக்குள். அன்றைய வீட்டு ஹெட்போன்களோடு ஒப்பிட்டால் அது பஞ்சு மாதிரி. மெர்காடியே 1891-ல் தொட்ட எடையை 88 வருஷம் கழித்து உலகம் திரும்பத் தொட்டது. 1982-ல் சோனி இன்னும் ஒரு படி போய், தலைப்பட்டையே இல்லாமல் காதுக்கிண்ணத்தில் உட்காரும் எம்டிஆர்-இ252 மாடலைக் கொண்டுவந்தது. பிறகு முப்பது வருஷம் உலகம் முழுக்கப் போட்ட இயர்பட், ரிச்சி தெருவில் ஐம்பது ரூபாய்க்கு விற்றது உட்பட, எல்லாமே இதன் வாரிசு.

இது சௌகரியத்தின் வெற்றி. காதுக்குழாய்க்குள் எதுவும் போகாது, வியர்க்காது, அம்மா கூப்பிட்டால் கேட்கும். ஆனால் எதைக் கொடுத்து இதை வாங்கினோம் என்பதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பயப்பட வேண்டாம், சைக்கிள் பம்ப் அளவுதான்.

பம்ப்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். விரலை எடுத்துவிட்டு அமுக்கினால் காற்று வெளியே போய்விடும், அழுத்தம் ஏறாது. இயர்போனில் இருக்கும் சின்னத் தகடுதான் பம்ப். முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு மில்லி காற்றுதான் அது அழுத்தும் இடம். அடைப்பு சரியாக இருந்தால் தகடு இம்மியளவு அசைந்தாலே மிருதங்கத்தின் தொப்பி அப்படியே காதில் இறங்கும். சின்ன ஓட்டை இருந்தால் மெதுவாக அசையும் அலைகள், அதாவது பேஸ், முதலில் கசிந்து போகும். வேகமான அலைகளுக்கு வெளியேற நேரம் இல்லை என்பதால் உச்சஸ்தாயி மட்டும் மிஞ்சும். அடைக்காத இயர்பட் 'சிங்சிங்' என்று தகரம் தட்டுகிற மாதிரி கேட்பது இதனால்தான்.

இன்னொரு விளைவுதான் என் ஆடியோகிராமில் பதிவாகியிருக்கிறது. அடைப்பு இல்லையென்றால் வெளிச்சத்தம் முழுசாக உள்ளே வரும். ஓடும் பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட்டில் 80 டெசிபல் என்பது சாதாரணம். பாட்டு அதற்கு மேல் கேட்கவேண்டுமானால் 90-ஐத் தாண்டி வைக்கவேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். நான் தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் இருந்தேன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது என் ஒருவன் கதையும் இல்லை. இப்படிப்பட்ட கேட்கும் பழக்கங்களால் 110 கோடி இளைஞர்களின் காது ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் எச்சரித்தது.

அளந்து பார்த்த மனிதர்

வாக்மேன் அலை அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் காது மிஷின் தெருவிலிருந்து ஒருவர் இசை பக்கம் திரும்பினார். மீட் கில்லியன். நோல்ஸ் குழுமத்தில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனம் 1972-ல் 'கீமார்' என்ற பொம்மையைச் செய்திருந்தது. சராசரி மனிதத் தலையும் உடம்பும், ரப்பர் காதுமடல், செவிப்பறை இருக்கவேண்டிய இடத்தில் மைக். செவிப்பறையில் உண்மையில் என்ன கேட்கிறது என்பதை அளப்பதற்கான பொம்மை. இயர்போனை இதுவரை செவியால் மட்டுமே தீர்ப்பு சொன்னவர்கள் இப்போது அளக்க ஆரம்பித்தார்கள்.

அளந்ததில் ஒரு விஷயம் முக்கியம். நம் காதுக்குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம். ஒரு பக்கம் திறப்பு, மறுபக்கம் செவிப்பறை. புல்லாங்குழலுக்கு உள்ள மாதிரியே இதற்கும் ஒரு சொந்த சுருதி உண்டு. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை நாலு மடங்கு நீளத்தால், அதாவது 0.1 மீட்டரால் வகுத்தால் 3430 ஹெர்ட்ஸ். காதுமடலின் கிண்ணத்தையும் சேர்த்தால் குழாய் கொஞ்சம் நீளமானது போலாகி, இது 2700 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்குகிறது. பிறந்ததிலிருந்து நாம் கேட்கும் ஒவ்வொரு குரலையும் இந்தக் குழல் அந்த இடத்தில் தூக்கிக் கொடுத்திருக்கிறது. வாயில் ரப்பரை வைத்து அடைத்தால் இந்தச் சுருதி போய்விடும். குரல் போர்வைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். அப்படியென்றால் அடைக்கும் இயர்போன், தான் கெடுத்த அந்த 2700 ஹெர்ட்ஸ் தூக்கலைத் தானே திருப்பித் தரவேண்டும்.

கில்லியன் 1983-ல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். 'காதுக்கு உண்மையான' என்ற பொருளில் வைத்த பெயர். முதலில் வந்தவை ஆராய்ச்சிக்கும் காதுப் பரிசோதனைக்குமான கருவிகள். அவற்றில் ஒன்று ஈஆர்-3ஏ: சின்னப் பெட்டி, குழல், நுனியில் நுரை. படத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். என் காதில் செருகப்பட்டதும் இந்த வம்சம்தான்.

அந்த நுரைக்கும் ஒரு கதை உண்டு. 1967-ல் அமெரிக்காவில் நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷனில் ராஸ் கார்ட்னர் என்பவரின் குழு அதிர்வை விழுங்கும் ரெசின்களை ஆராய்ந்தபோது உருவான பொருள் அது. நசுக்கினால் நசுங்கும், விட்டால் உடனே துள்ளாமல் மெதுவாகப் பழைய வடிவத்துக்கு வரும். ஆலைச் சத்தத்திலிருந்து தொழிலாளர் காதைக் காப்பாற்ற 1972-ல் அது மஞ்சள் காதடைப்பாக விற்பனைக்கு வந்தது. ஆளுக்கு ஆள் அச்சு எடுக்காமலே எந்தக் காதையும் அடைக்கும் முதல் நல்ல வழி.

1991-ல் எட்டிமோட்டிக் இசைக்கென்றே ஈஆர்-4 வெளியிட்டது. உள்ளே ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மச்சூர், மேலே நுரை அல்லது மூன்றடுக்கு ரப்பர். வெளிச்சத்தத்தை 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும். அந்த 30-ஐ என் பஸ் கணக்கில் போடுங்கள்: 80 டெசிபல் இன்ஜின் 50 ஆகிறது, வீட்டு ஹாலில் மெதுவாகப் பேசுகிற அளவு. பாட்டை 70-ல் வைத்தாலே போதும். காதைக் காப்பாற்றுவதும் நல்ல ஒலியும் ஒரே செயல்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. காதை அடைத்தால் நம் குரலே பானைக்குள் பேசுவது போல ஒலிக்கும். நடந்தால் காலடி 'தொம் தொம்' என்கும், முறுக்கு சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். எலும்பு வழியாகக் காதுக்குழாய்க்குள் வரும் இந்தச் சத்தம் சாதாரணமாக வெளியே தப்பிவிடும். அடைத்தால் மாட்டிக்கொள்கிறது. ஆழமாகப் போட்டால் இது குறையும், அதனால்தான் அந்த மூன்றடுக்கு ரப்பர் அவ்வளவு உள்ளே போகும். ஆனால் இரண்டாவது வளைவைத் தாண்டினால் எலும்பின் மேல் தோல் மிக மெல்லிசு. அங்கே தொட்டால் வலிக்கும். ஒலியின் நியாயமும் தோலின் நியாயமும் மோதும் இடம் இது. இரண்டுமே நியாயம்தான்.

மேடையிலிருந்து ஒரு தீர்வு

மேடைப் பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்கக் காலடியில் ஸ்பீக்கர் வைப்பார்கள். டிரம்ஸ் சத்தத்துக்கு மேல் அது கேட்கவேண்டும், அதற்கு மேல் கிதார் என்று போட்டி ஏறிக்கொண்டே போகும். இதுவும் என் பஸ் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். 1970-களிலேயே ஸ்டீவன் ஆம்ப்ரோஸ் பாடகர்களுக்குக் காதுக்குள் போடும் மானிட்டர்கள் செய்து பார்த்தார். 1995-ல் வான் ஹேலன் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக, அவர் காதின் அச்சிலேயே மோல்டு செய்து, பேஸுக்கு ஒன்று உச்சஸ்தாயிக்கு ஒன்று என இரண்டு ஒலிப்பான்களை உள்ளே வைத்தார். அதிலிருந்து பிறந்தது அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம்.

இதில் கவனிக்க வேண்டியது அச்சு. காது மிஷின் தெருவின் பழைய கைவேலைதான் மேடைக்கு வந்தது. காதுக்கிண்ணம் முழுக்கப் பரவி உட்காருவதால் எடை ஓரிடத்தில் அழுத்தாது. வயர் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் போவதால் இழுபடாது. இன்று ஆயிரம் ரூபாய் இயர்போன்கூடக் காதுக்கு மேல் வயர் சுற்றும் வடிவத்தில் வருவது இந்த மேடைப் பழக்கத்தின் மிச்சம். ஆனால் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டது அச்சை இல்லை, எண்ணிக்கையை. 'இதில் ஐந்து டிரைவர், அதில் எட்டு டிரைவர்' என்று விளம்பரம். ஒரே டிரைவர் வைத்த ஈஆர்-4 பல வருஷம் அளவுகோலாக இருந்தது என்பது மறந்துபோனது.

மறுபடி தொலைந்து, மறுபடி கிடைத்து

2001 அக்டோபரில் ஐபாட் வந்தது, கூடவே வெள்ளை இயர்பட். அடைக்காத ரகம். 2012-ல் வடிவம் மாறியது, 2016-ல் வயர் போனது, ஆனால் ரப்பர் வரவில்லை. 2019 அக்டோபரில்தான் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ மூன்று அளவு சிலிக்கான் முனைகளோடு வந்தது.

மென்பொருள்காரனாக எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. போனில் ஒரு சோதனையை ஓடவிட்டால் அது கொஞ்சம் இசையைப் போடும். உள்பக்கம் பார்த்திருக்கும் மைக், காதுக்குள் எவ்வளவு சத்தம் சேர்ந்தது என்று அளந்து, ஸ்பீக்கரிலிருந்து போன சத்தத்தோடு ஒப்பிடும். குறைந்தால் 'வேறு அளவு முனையைப் போட்டுப் பாருங்கள்' என்று சொல்லும். மெர்காடியேயின் ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க 128 வருஷம் கழித்து ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார்கள்.

விலையைப் பற்றியும் ஒரு தகவல். 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளையும் விலையையும் ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு, பெரும்பாலோருக்குப் பிடிக்கும் ஒலி எப்படி இருக்கும் என்று பல வருஷம் சோதித்து ஒரு வரைகோட்டை வெளியிட்டது. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் மலிவாகச் செய்யலாம் என்றானது. சீனத்து நிறுவனங்கள் அதைச் செய்தும் காட்டிவிட்டன.

அப்போ எதை வாங்குவது?

இவ்வளவு படித்ததில் எனக்குக் கிடைத்த முடிவு சின்னது. ஒலித்தரமும் சௌகரியமும் முடிவாவது ரப்பர் காதைத் தொடும் அந்த ஒரு வளையத்தில். அதனால் வாங்கும்போது நான் பார்ப்பது இந்த வரிசையில்:

முதலில் முனை. எத்தனை அளவு தருகிறார்கள், தனியாகக் கிடைக்குமா? பலருக்கு இரண்டு காதும் ஒரே அளவில்லை. எனக்கு இடதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சின்னது. காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, லேசாகத் திருகிப் போடவேண்டும். பேஸ் உள்ள பாட்டைப் போட்டு விரலால் மெதுவாக உள்ளே அமுக்குங்கள். அமுக்கும்போது பேஸ் கூடினால் அடைப்பு பத்தவில்லை, அளவை மாற்றுங்கள். பெரிய அளவுதான் அடைக்கும் என்றில்லை. பெரிசாக இருந்தால் வாயிலேயே மடிந்து நின்று ஓட்டை விடும்.

இரண்டாவது, முனை மாட்டும் குழாயின் தடிமன். வலி பெரும்பாலும் ரப்பரால் வருவதில்லை, அதற்குள் இருக்கும் தடித்த குழாயால் வருகிறது. மூன்றாவது, உடல் பகுதி காதுக்கிண்ணத்தில் எங்கேயும் குத்தக்கூடாது. ஐந்து நிமிஷத்தில் தெரியாது, நாற்பது நிமிஷத்தில் தெரியும். திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் வாங்குவது இதற்காகத்தான். சிலிக்கான் வலித்தால் நுரை முனை போட்டுப் பாருங்கள். நன்றாக அடைக்கும், உச்சஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கும், சில மாதத்தில் மாற்றவேண்டியிருக்கும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் டிரைவர், வரைகோடு, விலை எல்லாம். அடைப்பு சரியில்லாதபோது படிக்கும் எந்த விமர்சனமும் உங்கள் காதைப் பற்றியது அல்ல. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ரோடு கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதை அடைக்கவே வேண்டாம், அங்கே திறந்த காதுதான் நியாயம். காதில் சீழ், வலி, செவிப்பறை ஓட்டை என்று எதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் செருகவேண்டும். முக்கியமாக, அடைத்த பிறகு வால்யூமை இறக்க மறக்காதீர்கள். அடைத்துக்கொண்டும் பழைய அளவிலேயே வைத்தால் லாபம் எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரைக்காக அலமாரியில் இருந்த பழைய இயர்போன் டப்பாக்களை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஏழெட்டு வருஷத்தில் வாங்கியவற்றில் நாலு, ரப்பர் முனை உள்ள ரகம். நாலிலும் சின்னதும் பெரியதுமான முனைகள் இருந்த பிளாஸ்டிக் பாக்கெட் பிரிக்கப்படாமலே இருந்தது. ஃபேக்டரியில் மாட்டி அனுப்பிய நடுத்தர அளவையே போட்டு, 'பேஸ் இல்லையே, காது வலிக்குதே' என்று அடுத்ததை வாங்கியிருக்கிறேன்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்து வலதுக்குச் சின்னதைப் போட்டேன். போனில் வால்யூம் எப்போதும் 90-ல் இருக்கும், இப்போது 45-லேயே நிற்கிறது. போன மாதம் மறுபடி ஆடியோகிராம் எடுத்தேன். 4000-ல் விழுந்த பள்ளம் அங்கேயே இருக்கிறது. அது இனி நிரம்பாது, ஆனால் ஆழமாகவும் இல்லை. ரீங்காரமும் ராத்திரியில் கேட்கத்தான் செய்கிறது. பிரித்த பாக்கெட்டில் மீதி இருந்ததை வைத்துப் பத்தாவது படிக்கும் என் பெண்ணின் காதுக்கு அளவு பார்த்தேன். அவளுக்கு இரண்டு பக்கமும் சின்னதுதான்.